ஞாயிறு மனிதர்கள் – 9: மாம்பலத்தில் ஒட்டிய இறக்கை

தியாகராய நகரில் விமானம் செய்ய இடம் இருக்கிறது. பறக்கவிடத்தான் இல்லை. சாப்பாட்டு மேசையில் பழைய பேப்பரை விரித்து, பால்சா பலகையை பிளேடால் அறுத்து, ஃபோம் இறக்கையை ஒட்டி, சர்வோவுக்குக் கம்பி கோத்து முடித்துவிடலாம். அதற்கப்புறம்? சோமசுந்தரம் மைதானத்தில் ஒரே நேரத்தில் பல கிரிக்கெட் ஆட்டங்கள். நடேசன் பூங்காவில் மரங்கள். மைதானம் காலியாகவே கிடைத்தாலும் மேலே இருக்கும் வானம் மீனம்பாக்கம் விமான நிலையத்துக்குச் சொந்தம். 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகளின்படி, விமான நிலைய எல்லையிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் அனுமதி கேட்காமல் பறக்கவிடக்கூடிய பச்சை மண்டலம் கிடையாது. பனகல் பூங்கா அந்த எட்டுக்குள்ளேயே வந்துவிடுகிறது. 8 முதல் 12 கிலோமீட்டர் வரை 200 அடி உயரம் பறக்கலாம். அதையும் தாண்டிப் போனால், வேறு தடை இல்லாத இடத்தில் 400 அடி.

அதே விதிகள் மாதிரி விமானப் பித்தர்களிடம் கொஞ்சம் இரக்கமும் காட்டுகின்றன. 25 கிலோவுக்கு மிகாமல், படிப்புக்கோ பொழுதுபோக்குக்கோ மட்டும், கண்ணுக்கெட்டும் தூரத்தில் பறக்கும் மாதிரி விமானத்துக்கு வகைச் சான்றிதழ் தேவையில்லை.

ஆகவே ஞாயிறு விடியும் முன்பே இறக்கையைக் கழற்றி காரில் வைத்துக்கொண்டு, கிளப்பாகச் சேர்ந்து ஊருக்கு வெளியே கிளம்புகிறார்கள். வெயில் ஏறிக் கடல்காற்று வீசத் தொடங்கினால் சின்ன விமானம் தாங்காது.

தனியாகப் போய்ப் பறக்கவிட்டால் என்ன, கிளப் எதற்கு என்று கேட்கலாம். ஒரு காலத்தில் அதற்கு ரேடியோ அலையே காரணமாக இருந்தது. டிரான்ஸ்மிட்டரில் கிரிஸ்டல் போட்டு அலைவரிசையைத் தீர்மானித்த நாட்களில், ஒரே அலைவரிசையில் இருவர் பட்டனைத் தட்டினால் ஒரு விமானமாவது தரையில் குத்தும். அதனால் மைதானத்தில் ஒரு பலகை வைத்து, அலைவரிசைக்கு ஒரு கிளிப் மாட்டியிருப்பார்கள். கிளிப் யார் கையிலோ அவருக்கே வானம். இப்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் அந்தச் சண்டையைத் தாங்களே தீர்த்துக்கொள்கின்றன. ஆனாலும் கிளப் கலையவில்லை. பக்கத்தில் ஓர் ஆள் நிற்காமல் இதைக் கற்றுக்கொள்வது பெரும்பாடு என்பதுதான் காரணம்.

விமானம் நம்மை விட்டு விலகிப் போகும்போது எல்லாம் சுலபம். வலப்பக்கம் ஸ்டிக்கைத் தள்ளினால் வலப்பக்கம் திரும்பும். நம்மை நோக்கி வரத் தொடங்கியதும் எல்லாம் தலைகீழ்.

"சார், ரைட்டுதான் குடுத்தேன்!"

"ரைட்டுதான் தம்பி. ஆனா அது மூஞ்சி இப்ப நம்ம பக்கம் திரும்பியிருக்கு."

விமானத்தின் வலம் நமக்கு இடம். புத்திக்கு இது புரிந்துவிடும். கட்டைவிரலுக்குப் புரிய மாதங்கள் ஆகும். பழைய ஆட்கள் சொல்லிக்கொடுக்கும் உபாயம் ஒன்று உண்டு: எதிரே வரும்போது எந்தப் பக்கத்து இறக்கை தாழ்கிறதோ, சரியும் பந்தலுக்கு முட்டுக்கொடுப்பதுபோல அந்தப் பக்கமே ஸ்டிக்கைத் தள்ள வேண்டும். இடம் வலம் யோசிக்கவே வேண்டாம். அப்படியும் தடுமாறுகிறவர்களுக்காக இரண்டு டிரான்ஸ்மிட்டர்களை இணைத்துவிடுவார்கள். மாணவன் சொதப்பும் நொடியில் ஆசிரியர் ஒரு சுவிட்சைத் தட்டி விமானத்தைத் தன் கைக்கு வாங்கிக்கொள்வார். மனிதக் கை தொடாமல் பறக்கும் தானியங்கி ட்ரோன்களின் சோதனையிலும் இப்படி ஒரு கை தயாராக இருந்தாக வேண்டும்.

இந்தப் பறக்கும் பித்தின் பழைய சுவடுகள், மாம்பலம் ஸ்டேஷனில் தாம்பரம் வண்டி ஏறினால் வரிசையாக வரும். மவுண்ட் ரோட்டில் ஓட்டல் வைத்திருந்த டி'ஏஞ்சலிஸ், 1910-இல் சிம்ப்சன் நிறுவனத்தில் செய்வித்த விமானத்தைப் பல்லாவரத்தில் பறக்கவைத்தார். பிறகு காசு வாங்கிக்கொண்டு ஊராருக்கும் காட்டினார், ஓட்டல்காரர் அல்லவா! அடுத்த ஸ்டேஷன் குரோம்பேட்டையில், 1949-இல் சி. ராஜம் தொடங்கிய எம்.ஐ.டி. கல்லூரி. அங்கே விமானப் பொறியியல் படித்த அப்துல் கலாமை நாடறியும். அதே கல்லூரியின் 'தக்ஷா' மாணவர் குழு 2018-இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாம் இடம் பிடித்தது. குழுவின் ஆலோசகர் நடிகர் அஜித்குமார். செய்திகள் அதை நட்சத்திரச் சங்கதியாகவே எழுதின. எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு: ஒரு பொறியியல் குழு அவரிடம் எதிர்பார்த்தது, அவர் வருடக்கணக்காக மாதிரி விமானங்களோடு பழகிச் சேர்த்த அனுபவத்தைத்தான்.

கிளப்புகளின் நிரந்தரக் கவலை நிலம். உயர் அழுத்த மின்கம்பி கூடாது, செல்போன் கோபுரம் கூடாது, சாலை பக்கத்தில் கூடாது. கோடையில் காய்ந்த ஏரிப்படுகை கிடைக்கும். ஐப்பசியில் தண்ணீர் வந்துவிடும். மனை போடச் சமன்செய்த நிலம் கிடைத்தால் யோகம், வீடு எழும்பும் வரை ஓடுபாதை. பிறகு யாராவது இன்னும் பத்து கிலோமீட்டர் தள்ளி ஓர் இடம் பார்த்து வருவார். தகவல் வந்ததும் முதல் கேள்வி காற்றைப் பற்றியோ கம்பியைப் பற்றியோ இருக்காது.

"பக்கத்துல டீக்கடை இருக்கா?"

(தொடரும்)