405 மீட்டர் குன்றில் எது உரிமை, எது பொறுப்பு?

இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்டில், கிராஸ்மியர் கிராமத்துக்கு மேலே நிற்கும் ஹெல்ம் கிராக் குன்றின் உயரம் 405 மீட்டர்தான். ஊரிலிருந்து உச்சிக்குப் போய்த் திரும்ப ஏறத்தாழ 5 கிலோமீட்டர். இவ்வளவுதானே என்று ஒரு தண்ணீர் பாட்டிலோடு கிளம்பிவிடத் தோன்றும். உயரத்தை வைத்து ஆபத்தை அளப்பதுதான் சின்னக் குன்றுகளில் நேரும் முதல் பிழை. அங்கே நடக்கச் சட்டம் உங்களுக்கு உரிமை தருகிறது. ஆனால் கால் வழுக்கும் பாறைக்கு அதே சட்டம் வேறு யாரையும் பொறுப்பாக்குவதில்லை. அதனால்தான், திட்டமிடாத பயணத்தில் அந்த உரிமை பாதிதான் என்கிறேன்.

இந்த உரிமை சும்மா கிடைத்ததல்ல. 1932 ஏப்ரல் 24 அன்று தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில், நடக்க இருந்த தடையை மீறி கிண்டர் ஸ்கவுட் மலையில் ஏறினார்கள்; அதையொட்டி ஐந்து பேர் சிறை சென்றார்கள். 2000ஆம் ஆண்டின் கிராமப்புற, வழியுரிமைச் சட்டம் மலை, தரிசு, புதர்க்காடு, பொதுநிலம் என வரையறுத்த இடங்களில் பாதையை விட்டு விலகியும் நடக்க அனுமதித்தது. பிரிட்டனின் நிலவரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:25,000 வரைபடத்தில் வெளிர்மஞ்சளாகத் தெரிவது அந்த நிலம். இது நடப்பவருக்கான உரிமை. கூடாரம் போடவோ, நெருப்பு மூட்டவோ, சைக்கிள் ஓட்டவோ இதில் இடமில்லை. மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாயை 2 மீட்டருக்கு மேற்படாத கயிற்றில்தான் பிடித்திருக்க வேண்டும். ஆடுமாடுகளுக்கு அருகில் எல்லாக் காலத்திலும் அப்படித்தான். இத்தகைய நிலத்தில் யாராவது பொய்யான தடைப்பலகை வைத்து உங்களைத் திருப்பி அனுப்பப் பார்த்தால், அது குற்றம். அங்கே நின்று வாக்குவாதம் செய்ய வேண்டாம். படம் எடுத்து, இடத்தைக் குறித்து, தேசியப் பூங்கா ஆணையத்திடம் புகார் கொடுங்கள்.

அதே சட்டத்தின் 13ஆம் பிரிவைப் பலர் கவனிப்பதில்லை. பாறை, ஓடை, பள்ளம் போன்ற இயற்கை அமைப்புகளால் வரும் ஆபத்துக்கு நில உரிமையாளர் பொறுப்பல்ல என்கிறது அது. வேண்டுமென்றோ, விளைவைப் பொருட்படுத்தாமலோ அவர் ஆபத்தை உண்டாக்கினால்தான் கதை வேறு. இது அநீதியில்லையா என்று கேட்கலாம். ஒவ்வொரு பாறைக்கும் ஈடு கொடுக்க வேண்டுமென்றால் எந்த உரிமையாளரும் குன்றைத் திறந்து வைக்கமாட்டார். ஆகவே இந்த ஏற்பாடு நியாயம்தான். ஹெல்ம் கிராக்கின் உண்மையான உச்சி, பீரங்கிபோல் சாய்ந்து நிற்கும் ஒரு பாறை. கைகளையும் ஊன்றித் தொற்றித்தான் அதில் ஏற முடியும். விழுந்தால் தாங்கிப்பிடிக்க ஏதுமில்லை. 214 குன்றுகளுக்கு வழிகாட்டி எழுதிய ஆல்ஃபிரட் வெய்ன்ரைட், அந்தப் பாறைமீது தாம் ஏறிவிட்டதைப் பதியத் தம் நூலில் சிறு இடம் விட்டுவைத்தார். அது கடைசிவரை நிரம்பவில்லை. அடியில் நின்று பார்த்துவிட்டு இறங்குவதில் யாருக்கும் குறைவில்லை.

இடம் பழக்கமானால் போதும் என்பாரும் உண்டு. இந்தக் குன்றின் அடிவாரத்து ஈஸ்டேல் பள்ளத்தாக்கில் வாழ்ந்த ஜார்ஜ் கிரீனும் மனைவி சாராவும் 1808 மார்ச்சில் லாங்டேலில் நடந்த ஏலத்துக்குப் போய், பனிப்பொழிவில் மலை கடந்து வீடு திரும்பும்போது இறந்தார்கள். அவர்கள் வெளியூர்க்காரர்கள் அல்லர். வீட்டில் ஆறு பிள்ளைகள் காத்திருந்தார்கள். அந்தத் துயரத்தை எழுத்தாளர் டோரதி வேர்ட்ஸ்வொர்த் எழுதி வைத்திருக்கிறார். இன்று கைபேசி இருக்கிறதே என்றால், குளிரில் அதன் சார்ஜ் சீக்கிரம் இறங்கும். பள்ளத்தாக்கில் சிக்னல் கிடைக்காமல் போகலாம். முன்கூட்டியே இறக்கி வைக்காத வரைபடம் வெறும் திரையாக நிற்கும். காகித வரைபடமும் திசைகாட்டியும் இன்னும் வேண்டியிருப்பது இதனால்தான்.

நேரக் கணக்குக்கு 1892இல் மலையேறி நெய்ஸ்மித் சொன்ன விதி போதும்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூடுதலாக ஒரு மணி. ஹெல்ம் கிராக்குக்கு அது ஒன்றரை மணியைத் தாண்டும். குழந்தைகளோடு, ஈரப்பாறையில் என்றால் இரு மடங்காக வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் மாலை 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். தலைவிளக்கு பையில் இருக்கட்டும். வானிலைத் துறையின் மலைப்பகுதி முன்னறிவிப்பில் மழையை மட்டும் பார்க்காமல் காற்றையும் பாருங்கள். எந்த வழி, எப்போது திரும்புவோம் என்பதை ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். இப்படியெல்லாம் சொன்னால் புதியவர்கள் பயந்து ஒதுங்குவார்கள் என்ற அக்கறை எனக்குப் புரிகிறது. ஆனால் இந்த ஏற்பாட்டுக்கு அரைமணி நேரம் போதும், பெரிய செலவும் இல்லை. முதல் பயணத்திலேயே நடுங்கித் திரும்பியவர்தான் மறுபடி வரமாட்டார்.

அடிபட்டாலோ வழி தவறினாலோ 999ஐ அழைத்து முதலில் போலீஸ், பிறகு மவுண்டன் ரெஸ்க்யூ (மலை மீட்புக் குழு) என்று கேளுங்கள். பேச முடியாத இடத்திலிருந்து குறுஞ்செய்தியும் அனுப்பலாம். அதற்குக் கிளம்புமுன்பே கைபேசி எண்ணைப் பதிந்திருக்க வேண்டும். விசில் என்றால் ஒரு நிமிடத்தில் ஆறு முறை, பிறகு ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு. மீட்க வருகிறவர்கள் தன்னார்வலர்கள், நன்கொடையில் இயங்குகிறவர்கள், பணம் கேட்பதில்லை. கவனமில்லாதவரிடமாவது கட்டணம் வாங்கலாமே என்ற குரல் எழுவதுண்டு. கட்டணத்துக்கு அஞ்சி ஒருவர் அழைப்பைத் தள்ளிப்போட்டால், வெளிச்சத்தில் முடிந்திருக்க வேண்டிய மீட்பு இருட்டில் நடக்கும். மீட்பவரின் உயிருக்கும் ஆபத்து கூடும். ஆகவே கூச்சப்படாமல், வெளிச்சம் இருக்கும்போதே அழையுங்கள்.