சட்டையும் ஒரு நிறம்தான்

திருப்பூரில் ஏதாவது ஒரு பிரிண்டிங் யூனிட்டுக்குப் போனால், டிசைன் பிரிவில் இருப்பவரிடம் பிலிமைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். பனியனில் பச்சையும் சிவப்புமாக உட்காரப்போகும் கிளி, அந்த பிலிமில் கன்னங்கரேலென்று இருக்கும். ஒரு பிலிமில் உடம்பு மட்டும், இன்னொன்றில் மூக்கு மட்டும், மற்றொன்றில் கோடுகள் மட்டும். மூன்றும் கறுப்பு. எது எந்த நிறத்துக்கானது என்பது ஓரத்தில் எழுதியிருக்கும் பெயரை வைத்துத்தான் தெரியும்.

காரணம் ஒளி. சட்டத்தில் இழுத்துக் கட்டிய பாலியஸ்டர் வலைதான் ஸ்கிரீன். அதில் எமல்ஷன் என்ற ஒளியுணர் பூச்சைப் பூசி உலர்த்துகிறார்கள். அதன்மேல் பிலிமை வைத்துப் புற ஊதா ஒளியைப் பாய்ச்சினால், ஒளி பட்ட இடமெல்லாம் இறுகிவிடும். மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்துகொள்வதால் தண்ணீரில் கரையாது. பிலிமின் கறுப்பு மறைத்த இடம் மட்டும் இளகியே கிடக்கும். தண்ணீர் பீய்ச்சியதும் அது கரைந்தோடி, வலையின் கண்கள் திறக்கும். ஸ்குவீஜி என்ற ரப்பர் பட்டை மையைத் துணிக்குத் தள்ளுவது அந்தக் கண்கள் வழியாகத்தான். பிலிம் சொல்லவேண்டியது ஒன்றே ஒன்று: எங்கே மை இறங்க வேண்டும், எங்கே கூடாது.

வலை எதற்கு என்று கேட்கலாம். அட்டையில் ‘ம’ என்று வெட்டிப் பாருங்கள். உள்ளே இருக்கும் சிறு துண்டு பிடிமானமில்லாமல் கீழே விழுந்துவிடும். ஜப்பானில் துணிக்கு அச்சிடும் கத்தகாமி காகித அச்சுகளில் இப்படி விழும் துண்டுகளை மெல்லிய பட்டு இழைகளால் தாங்கிப் பிடித்தார்கள். இன்றைய ஸ்கிரீனில் வலையே அந்த வேலையைச் செய்கிறது. 1907இல் மான்செஸ்டரைச் சேர்ந்த சாமுவேல் சைமன் இங்கிலாந்தில் பட்டுத்துணி ஸ்கிரீனுக்குக் காப்புரிமை பெற்றார்.

பத்திரிகையில் கிளியை அச்சிட்டால் நீலம், மஞ்சள், மெஜந்தா, கறுப்பு ஆகிய நான்கு மைகளின் புள்ளிகள் கலந்து பச்சை தோன்றும். அந்த மைகள் ஒளியை ஊடுருவ விடுபவை. அடியில் இருக்கும் வெள்ளைத் தாள் ஒளியைத் திருப்பி அனுப்பினால்தான் நிறம் தெரியும். பனியனில் அடிக்கும் ஸ்பாட் கலரில் இப்படிப் புள்ளிகளைக் கலப்பதில்லை. வேண்டிய பச்சையை டப்பாவிலேயே கலந்து, அந்தப் பச்சைக்கென்று ஒரு ஸ்கிரீன் வைக்கிறோம். வெளிநாட்டு பையர் பான்டோன் நிற அட்டையின் எண்ணை அனுப்பினால், அந்த எண்ணுக்கு மை கலந்து கொடுப்பார்கள்.

இனி நிறம் பிரிப்பவர் செய்யும் வேலைக்கு வருவோம். முதலில் வெள்ளைப் பனியன். பச்சை உடம்பு, சிவப்பு மூக்கு, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், எல்லாவற்றுக்கும் கறுப்புக் கோடு. வெள்ளை வளையத்துக்கு மை வேண்டாம், துணியே போதும். மிச்சம் மூன்று ஸ்கிரீன். ஆனால் பச்சையைக் கோட்டின் விளிம்போடு கச்சிதமாக நிறுத்தினால் காரியம் கெட்டுவிடும். பனியன் துணி கண்ணி கண்ணியாகப் பின்னியது. இழுத்தால் நீளும், சூட்டில் சுருங்கும். ஸ்குவீஜி அழுத்தும்போது ஸ்கிரீனும் இம்மியளவு நகரும். அடுத்த நிறம் முடியளவு தள்ளி விழுந்தால் போதும், கோட்டுக்கும் பச்சைக்கும் நடுவே துணியின் வெள்ளை இளித்துக்கொண்டு நிற்கும். அதனால் பச்சையையும் சிவப்பையும் கோட்டுக்கு அடியில் ஏறக்குறைய ஒரு பாயின்ட், அதாவது 0.35 மில்லிமீட்டர், வேண்டுமென்றே நுழைத்துவிடுகிறார்கள். டிராப் என்பது இதுதான். கறுப்பு கடைசியில் இறங்கி அந்த மீறலை மூடிவிடுகிறது. நல்ல டிராப் யார் கண்ணிலும் படாது. இந்தத் தொழிலில் நான் மிகவும் மதிக்கும் திறமை அது.

அதே கிளி, கறுப்புப் பனியனில். எல்லாம் தலைகீழாகிவிடும். பச்சையை நேராகக் கறுப்பில் அடித்தால் சோர்ந்துபோகும். அடியிலிருந்து ஒளியைத் திருப்ப ஒன்றுமில்லை. ஆகவே முதலில் வெள்ளை அடித்தளம். அதைச் சில நொடிகள் சூடாக்கி, கையில் ஒட்டாத பதத்துக்கு உலர்த்திவிட்டு, மேலே பச்சையும் சிவப்பும். அடித்தளத்தின் விளிம்பை மேல் நிறத்தைவிடச் சற்று உள்ளே ஒடுக்கிவைக்க வேண்டும், இல்லாவிட்டால் வெள்ளை ஓரம் எட்டிப்பார்க்கும். கண் வளையத்தில் மட்டும் வெள்ளை அப்படியே வெளியே நிற்கும். கோடு? கோட்டை அச்சிடவே வேண்டாம். அந்த இடத்தைக் காலியாக விட்டால் சட்டையின் கறுப்பே கோடாகிவிடும். பச்சையும் சிவப்பும் ஒன்றையொன்று தொடாததால் அவற்றுக்கிடையே டிராப் கூடத் தேவையில்லை. இங்கேயும் மூன்றே ஸ்கிரீன். கறுப்பு மை போய் வெள்ளை மை வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இறக்கையில் கரும்பச்சை வேண்டுமானால் அதற்கென்று தனி மை கலக்க வேண்டியதில்லை. கறுப்புத் துணியில், அந்த இடத்து வெள்ளை அடித்தளத்தைப் புள்ளிகளாக உடைக்கிறார்கள். புள்ளி சிறுத்த இடத்தில் ஒளி குறைவாகத் திரும்பி, மேலிருக்கும் அதே பச்சை இருண்டு தெரிகிறது. அங்குலத்துக்கு 45 வரிசை என்று வைத்தால் புள்ளிக்குப் புள்ளி 0.56 மில்லிமீட்டர். நல்ல பார்வையுள்ள கண் பிரித்தறியும் எல்லை சுமார் ஒரு கலை, அதாவது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. கணக்குப் போட்டால், இரண்டு மீட்டர் தள்ளி நிற்பவருக்குப் புள்ளிகள் கலந்து நிழலாகிவிடும். புள்ளி வரிசையும் வலையின் இழையும் மோதினால் அலையலையாகக் கோலம் விழும் என்பதால், வலையின் நெருக்கத்தைப் புள்ளி வரிசையைப்போல் நான்கு மடங்குக்குக் குறையாமல் வைத்து, புள்ளி வரிசையைச் சாய்த்தும் விடுகிறார்கள். பலரும் வைப்பது 22.5 பாகை.

சாம்பல் நிறப் பனியனுக்கு இதே கிளியைக் கேட்டால் செலவு கூடும். அந்தத் துணி கோட்டுக்கும் உதவாது, கண் வளையத்துக்கும் உதவாது. வெள்ளை, பச்சை, சிவப்பு, கறுப்பு என்று நாலு பிலிம் எடுத்து, நாலு ஸ்கிரீன் கட்டியாக வேண்டும்.