காராமணியைத் தேடி வரும் புழு: மேற்கு ஆப்பிரிக்காவின் பயறு நெருக்கடி

மேற்கு ஆப்பிரிக்காவின் வறண்ட புல்வெளிப் பிரதேசங்களில் ஏழை மக்களுக்கு மலிவாகக் கிடைக்கும் புரத உணவு காராமணி. தமிழகத்தில் தட்டைப்பயறு என்றும், இலங்கையில் கௌபி என்றும் அழைக்கப்படுவது இதுவே. உலகில் இதனை மிக அதிகமாக விளைவிக்கும் நாடு நைஜீரியா. ஆனால், பூக்கும் பருவத்தில் வரும் ஒரு புழு, தாக்குதல் கடுமையாக இருந்தால் விளைச்சலில் 80 சதவீதம் வரை அழித்துவிடக்கூடும் என்று வேளாண் ஆய்வாளர்கள் கூறுகின்றனர்.

மருக்கா விட்ராட்டா என்பது இந்தக் காய்த்துளைப்பானின் அறிவியல் பெயர். வறட்சி மாதங்களில் வடக்கே இதற்கு உணவு கிடையாது. அப்போது தெற்கிலுள்ள ஈரப்பதமான பகுதிகளில், காட்டுப் பயறுச் செடிகளில் அது உயிர்வாழ்கிறது. மழை வடக்கு நோக்கி நகரும்போது அந்துப்பூச்சிகளும் தலைமுறை தலைமுறையாக வடக்கே நகருகின்றன. பயிர் பூக்கும் வேளையில் பூச்சியும் வந்துவிடுகிறது.

மருந்து எட்டாத இடம்

பூ மொட்டுகளில் இடப்படும் முட்டைகளிலிருந்து வெளிவரும் புழுக்கள், பூக்களையும் காய்களையும் நூலாம்படையால் பிணைத்து உள்ளிருந்தபடியே உண்கின்றன. இதனால் தெளிக்கப்படும் மருந்து அவற்றை எளிதில் சென்றடைவதில்லை. ஒரே பருவத்தில் ஆறு முதல் எட்டு முறை வரை மருந்து தெளிக்கும் விவசாயிகளும் உண்டு. முகமூடியோ கையுறையோ இன்றித் தெளிப்பவர்களின் உடல்நலமும் பாதிக்கப்படுகிறது.

அறுவடைக்குப் பின்னரும் ஆபத்து நீங்குவதில்லை. சேமித்த பயறை வண்டுகள் துளைக்கின்றன. அவற்றைக் கொல்லப் பயன்படுத்தப்படும் டைக்குளோர்வாஸ் என்ற நஞ்சின் எச்சம் அதிகம் காணப்பட்டதால், நைஜீரிய உலர் பயறு இறக்குமதிக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2015-இல் தடை விதித்தது. அத்தடை பின்னர் பலமுறை நீட்டிக்கப்பட்டது. காற்றுப்புகாத மூன்றடுக்குப் பைகள் இதற்கு எளிய மாற்றாக உள்ளன. உள்ளேயுள்ள பிராணவாயு குறைந்ததும் வண்டுகள் பெருகாமல் மடிந்துவிடுகின்றன.

மரபணு மாற்றமும் குளவிகளும்

மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணுவைச் சேர்த்து, புழுவின் குடலைத் தாக்கும் புரதத்தைத் தானே உற்பத்தி செய்யும் காராமணி ரகத்துக்கு நைஜீரியா 2019-இல் ஒப்புதல் அளித்தது. 2021 முதல் விவசாயிகளுக்கு விதை வழங்கப்பட்டது. இந்த ரகத்துக்கு இரண்டு முறை மருந்து தெளித்தாலே போதும் என்று அதனை உருவாக்கியவர்கள் கூறுகின்றனர். விதையைச் சேமித்து மீண்டும் விதைக்கவும் இயலும். எனினும், பாதுகாப்பு, விதை உரிமை குறித்த எதிர்ப்புக் குரல்கள் ஓயவில்லை. அசுவினி, இலைப்பேன், காயுறிஞ்சும் நாவாய்ப்பூச்சி ஆகியவற்றை இந்த ரகம் தடுப்பதும் இல்லை.

மறுபுறம், ஆசியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒட்டுண்ணிக் குளவிகள் பெனின், புர்கினா ஃபாசோ, நைஜர் ஆகிய நாடுகளில் விடப்பட்டுள்ளன. இவை புழுவுக்குள் வளர்ந்து அதனைக் கொல்கின்றன. தெற்கின் காட்டுச் செடிகளிலேயே புழுவின் பெருக்கத்தைக் குறைப்பது இதன் நோக்கம்.

ஒரே ஆயுதத்தை நம்பினால் பூச்சி எதிர்ப்புத்திறன் பெற்றுவிடும் என்பதை இந்தியப் பருத்தி வயல்களின் இளஞ்சிவப்புக் காய்ப்புழு ஏற்கனவே உணர்த்தியுள்ளது. எனவே விதை, குளவி, அளவான மருந்து, முறையான சேமிப்பு ஆகிய நான்கும் சேர்ந்து சிறு விவசாயியைச் சென்றடைகின்றனவா என்பதே இங்கு முக்கியக் கேள்வியாகும்.