மனநோய்ச் சொற்களும் சமூகக் களங்கமும்: பெயர்மாற்றத்தின் பயனும் எல்லையும்

சென்னையில் கீழ்ப்பாக்கம் என்பது ஒரு குடியிருப்புப் பகுதியின் பெயர். 1871இல் மனநோயாளர் காப்பகம் அங்கு இடம்பெயர்ந்தது. அதன் பின்னர் ஊர்ப்பெயரே பேச்சுவழக்கில் வசைச்சொல்லாயிற்று. திரைப்பட நகைச்சுவைகள் அதனை மேலும் பரப்பின. ஆங்கிலத்தில் அந்நிறுவனத்தின் பெயர் புகலிடம், மருத்துவமனை, மனநல நிறுவனம் என மாறிவந்துள்ளது. தமிழ்ச் செய்தித்தாள்களோ இன்றும் பெரிதும் ‘காப்பகம்’ என்றே எழுதுகின்றன. 1912ஆம் ஆண்டுச் சட்டத்தின் தலைப்பிலிருந்த ‘லூனசி’ என்னும் சொல் 1987ஆம் ஆண்டுச் சட்டத்தில் நீங்கியது, வசை நீங்கவில்லை.

‘மென்டல்’ என்னும் சொல்லும் இத்தகையதே. மனம் சார்ந்த என்று மட்டும் பொருள்படும் ஆங்கிலப் பெயரடை, தமிழ்ப் பேச்சில் ஆளைச் சுட்டும் இழிசொல்லாக நிலைபெற்றுவிட்டது. சொல்லை மாற்றினால் களங்கம் அகலும் என்னும் கருத்தை இவ்விரு சான்றுகளும் ஐயத்திற்குள்ளாக்குகின்றன.

ஜப்பானின் பட்டறிவு வேறுவகையானது. ஸ்கிசோஃப்ரினியாவுக்கு அங்கு வழங்கிய பழைய பெயர் ‘மனம் பிளவுபட்ட நோய்’ என்னும் பொருளுடையது. அதனை நோயாளரிடம் கூறவே மருத்துவர்கள் தயங்கினர். நோயாளர் குடும்பங்களின் கூட்டமைப்பு 1993இல் மாற்றம் கோரியது. 2002இல் ‘ஒருங்கிணைவுக் குறைபாடு’ என்னும் பொருள்தரும் புதிய பெயர் ஏற்கப்பட்டது. தம் நோயின் பெயர் தெரிவிக்கப்பட்ட நோயாளர்களின் விகிதம் 2002இல் ஏறத்தாழ 37 விழுக்காடாக இருந்து, 2004இல் 70 விழுக்காட்டை நெருங்கியது. பெயர் மட்டுமன்றி விளக்கமும் மாறியது என்பது கருதத்தக்கது. தீராச் சீர்குலைவு என்ற பழைய எண்ணம் விலக்கப்பட்டு, மருந்தாலும் உளச்சமூக ஆதரவாலும் மீளக்கூடிய நிலை என்பது வலியுறுத்தப்பட்டது. கீழ்ப்பாக்கத்தில் மாறியது பெயர்ப்பலகை. ஜப்பானில் மாறியது மருத்துவரின் அறையில் நிகழும் உரையாடல்.

இப்பின்னணியில் தமிழின் ‘மனச்சிதைவு’ ஆராயத்தக்கது. சிதைந்த சுவடி, சிதைந்த கோயில் என்னும் வழக்குகளில் சிதைவு பெரும்பாலும் மீளா அழிவையே உணர்த்துகிறது. உரிய சிகிச்சை பெற்றுப் பணிக்கும் குடும்ப வாழ்வுக்கும் திரும்புவோர் பலர் இருக்க, கலைச்சொல்லே அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்துவிடுகிறது. ‘மனப்பிளவு’ என்பதும் ஜப்பான் கைவிட்ட பொருளையே தாங்கி நிற்கிறது. இச்சொற்களைத் தவிர்க்க விரும்பும் குடும்பத்தினர் ‘நரம்புத் தளர்ச்சி’ என்று கூறிவிடுவதுண்டு. அது அவமானத்தை மறைக்கிறது. கூடவே நோயையும் மறைக்கிறது. தளர்ச்சி நீங்கிவிட்டதாகக் கருதி மருந்தை இடையில் நிறுத்துவோருக்கு நோய் திரும்பும் வாய்ப்பு மிகுதி.

தமிழ்க் கலைச்சொல்லாக்கம் பெரும்பாலும் மருத்துவர், மொழியறிஞர் ஆகிய இரு தரப்பினரின் பணியாகவே இருந்துவருகிறது. ஜப்பானில் முதல் கோரிக்கை குடும்பங்களிடமிருந்து எழுந்தது. ‘மனச்சிதைவு’க்கு மாற்றுச்சொல் தேடும் குழுவில் அந்நோயுடன் வாழ்வோரும் இடம்பெற்றால், எந்தச் சொல்லைத் தம்மைக் குறித்துச் சொல்லிக்கொள்ள இயலும் என்பதை அவர்களே கூறமுடியும்.