யாருக்கும் தெரியாமல் வாங்கும் மாத்திரை



பெரட்டுக்களத்தில் வைத்துப் பேச முடியாத ஒரு விஷயத்தை இங்கே எழுதுகிறோம். ஆணுறுப்பு விறைக்காமல் போவதும், விறைத்தும் நிலைக்காமல் போவதும் ஒரு வருத்தம். ஆம்பிளைத்தனம் போய்விட்டது என்று அர்த்தமில்லை. ஆனால் அடுத்த காம்பராவுக்குக் கேட்டுவிடுமே என்று புருஷனும் பெண்சாதியும்கூட இதைப் பேசுவதில்லை. பிறகு டவுனுக்குப் போய் ரகசியமாக மாத்திரை வாங்குகிறார்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

இதற்குப் பொதுவாகக் கொடுக்கும் மாத்திரைகள் மூன்று. 1998இல் வந்த சில்டெனாபில் முதலாவது. வயக்ரா என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். பிறகு வந்தவை டடலாபிலும் வர்டெனாபிலும். மூன்றும் இரத்தக் குழாய்களைத் தளர்த்தி, உறுப்புக்கு இரத்தம் ஓடச் செய்கின்றன. ஆசையை உண்டாக்க மாட்டா. ஆசை இருந்தால்தான் வேலை செய்யும்.

சில்டெனாபிலைச் சுமார் ஒரு மணித்தியாலத்துக்கு முன் போட வேண்டும். நாலைந்து மணித்தியாலம் வேலை செய்யும். எண்ணெய்ச் சாப்பாட்டோடு போட்டால் பிந்தும். வர்டெனாபிலும் கிட்டத்தட்ட அப்படித்தான். டடலாபில் 36 மணித்தியாலம் வரை நிற்கும். சாப்பாடு தடையில்லை, ஆனால் முதுகுவலி, சதைவலி வரலாம். தலையிடி, முகம் சிவத்தல், மூக்கடைப்பு மூன்றிலும் உண்டு. எது உசத்தி என்பதல்ல, யாருக்கு எது பொருந்தும் என்பதே கேள்வி. அதை டொக்டர்தான் சொல்ல வேண்டும்.

நெஞ்சு நோவுக்கு நாக்கின் கீழ் வைக்கும் மாத்திரை பாவிப்பவர்கள் இந்த மூன்றில் ஒன்றையும் தொடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் பிரஷர் திடீரென்று விழுந்து உயிரே போகலாம். இந்த மாத்திரை போட்டபின் நெஞ்சு நோவு வந்தால், என்ன போட்டோம் என்று ஆஸ்பத்திரியில் வெட்கப்படாமல் சொல்லுங்கள். அதற்காகவாவது வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். விறைப்பு நாலு மணித்தியாலத்துக்கு மேல் இறங்காவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இன்னொன்று. சீனி வருத்தம், பிரஷர், இதய வருத்தம் ஆகியவற்றின் முதல் அடையாளமாகவும் இது இருக்கலாம். ரகசியமாக மாத்திரை போடுகிறவருக்கு அந்தப் பெரிய வருத்தம் தெரியாமலே போய்விடும். ஆகவே முதலில் சீனியையும் பிரஷரையும் பார்த்துக்கொள்ளுங்கள். பீடி, சிகரட்டை விட்டு, சாராயத்தைக் குறையுங்கள். கிளினிக் கொப்பியையும் இப்போது பாவிக்கும் மருந்துகளையும் கையோடு கொண்டுபோங்கள்.

வீட்டுப் பெண்களுக்கும் ஒரு வார்த்தை. ஏசாதீர்கள், சந்தேகப்படாதீர்கள். முடிந்தால் கூடவே கிளினிக்குக்குப் போங்கள்.