6 மூட்டை கடல் பஞ்சு; கிடைத்ததோ குண்டுமணி கூட இல்லை!

மார்பகப் புற்றுநோய் மருந்து பிறந்த கதை

600 கிலோ கடல் பஞ்சு. 100 கிலோ மூட்டையாகக் கட்டினால் 6 மூட்டை!

அத்தனையையும் சாறு எடுத்து, வடிகட்டி, பிரித்துப் பார்த்ததில் கடைசியில் மிஞ்சியது எவ்வளவு தெரியுமா? 12.5 மில்லிகிராம்! நகைக் கடைத் தராசில் வைத்தால், ஒரு குண்டுமணி எடையில் பத்தில் ஒரு பங்குதான்.

"இது கட்டுபடியாகுமா சார்?" என்று கேட்பீர்கள். ஆனால் அந்தத் துளிதான் இன்று பல பெண்களின் உயிரை நீட்டிக்கும் மருந்துக்கு மூலம்.

ஓட முடியாத பிராணி

கடல் பஞ்சு செடி அல்ல, பிராணி. கண் இல்லை, கால் இல்லை, மூளையும் இல்லை. பாறையில் ஒட்டிக்கொண்டு, உடம்பில் உள்ள ஓட்டைகள் வழியாகக் கடல் நீரை இழுத்து, அதில் வரும் நுண்ணுயிர்களைத் தின்று பிழைக்கிறது.

எதிரி வந்தால் ஓட முடியாது, கடிக்கவும் முடியாது. அதனால் பல வகைப் பஞ்சுகள் ரசாயனத்தையே ஆயுதமாக வைத்திருக்கின்றன. வாய் வைத்த மீன், "சே!" என்று துப்பிவிட்டுப் போக வேண்டியதுதான்!

அமெரிக்காவில் பெர்க்மன் என்ற ரசாயன நிபுணர், புளோரிடா கடலில் எடுத்த ஒரு பஞ்சில் புதுமையான பொருள்களைக் கண்டார். அவற்றின் பாணியில் தயாரான 'சைட்டராபின்' மருந்துக்கு அங்கே 1969-ல் அனுமதி கிடைத்தது. ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் அது தரப்படுகிறது.

ஜப்பானில் கிடைத்த துளி

நம் 6 மூட்டை கதை ஜப்பானில் நடந்தது. ஹிராத்தா, உவெமுரா என்ற விஞ்ஞானிகள் 1986-ல் அந்தப் பொருளை வெளியிட்டார்கள். பெயர் 'ஹாலிகாண்ட்ரின் பி'.

புற்றுநோய் செல் ஒன்று இரண்டாகப் பிரிய வேண்டுமானால் உள்ளே கயிறு மாதிரி இழைகள் வளர வேண்டும். இந்தப் பொருள் அந்த இழைகளை வளர விடுவதில்லை. பிரிய முடியாமல் செல் செத்துப்போகிறது!

மருந்து சரி, சரக்குக்கு எங்கே போவது? நியூசிலாந்து கடலில் வேறொரு பஞ்சை ஒரு டன் அள்ளினார்கள். கிடைத்தது 310 மில்லிகிராம். இந்தக் கணக்கில் ஒரு கிலோ மருந்துக்கு 3,000 டன்னுக்கு மேல் பஞ்சு வேண்டும். 10 டன் லாரியில் ஏற்றினால் 300 லாரிக்கு மேல்! கடலே காலியாகிவிடும்.

கடலைக் காப்பாற்றிய ஆய்வுக்கூடம்

வழி காட்டியவர் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த ஜப்பானியர் கிஷி. 1992-ல் அவரது குழு அந்தப் பொருளை ஆய்வுக்கூடத்திலேயே முழுக்கச் செய்து காட்டியது. அப்புறம்தான் இன்னொரு ரகசியம் தெரிந்தது. முழு மூலக்கூறும் தேவையில்லை. ஒரு பாதி போதும்!

அந்தப் பாதியைத் திருத்தி ஜப்பானின் எய்சாய் கம்பெனி உருவாக்கியதுதான் 'எரிபுலின்'. 60-க்கும் மேற்பட்ட படிகளில் தயாராகிறது. பஞ்சு ஒன்றுகூடத் தேவையில்லை. 2010 நவம்பரில் அமெரிக்கா அனுமதி கொடுத்தது.

"அப்படியானால் பஞ்சைப் பிடித்துக் கஷாயம் போடலாமா?" வேண்டவே வேண்டாம்! எரிபுலின் டாக்டர் கண்காணிப்பில் ஊசி மூலம் ஏற்றும் மருந்து. அதற்கே வெள்ளணு குறைவது, கை கால் மரத்துப்போவது போன்ற பக்க விளைவுகள் உண்டு.

இரண்டரை மாதம்

நோய் முற்றி, பல மருந்துகளைப் பார்த்துவிட்ட 762 பெண்களிடம் இதைச் சோதித்தார்கள். மற்ற சிகிச்சை பெற்றவர்கள் வாழ்ந்த காலம் நடுக்கணக்கில் 10.6 மாதம். எரிபுலின் பெற்றவர்களுக்கு 13.1 மாதம்.

நோய் அடியோடு போய்விடவில்லை. கூடுதலாகக் கிடைத்தது இரண்டரை மாதம். "அவ்வளவுதானா?" என்று கேட்கத் தோன்றும். வீட்டில் ஒரு தாயைப் படுக்கையில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்களைக் கேளுங்கள். அதன் மதிப்பு அவர்களுக்குத் தெரியும்!