ட்ரான்ஸ்ஃபார்மருக்கு யார் பணம் தருவது?

மின் வண்டிப் பாதை – 9

நெடுஞ்சாலையில் சார்ஜிங் நிலையம் எங்கெங்கே வேண்டும் என்ற கேள்விக்கு அரசுகள் தூரத்தை அளந்தே பதில் சொல்லி வந்திருக்கின்றன. மத்திய மின் அமைச்சகம் 2018 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல், நெடுஞ்சாலையின் இருபுறமும் 25 கிலோமீட்டருக்கு ஒரு நிலையம் என்றது. கனரக வண்டிகளுக்கு 100 கிலோமீட்டருக்கு ஒன்று. அமெரிக்காவின் 2021 உள்கட்டமைப்புச் சட்டம் இதற்கென 500 கோடி டாலர் ஒதுக்க, அங்கே 50 மைலுக்கு ஒரு நிலையம் என்பது விதியானது. ஐரோப்பிய ஒன்றியத்தின் கணக்கு, முதன்மைச் சாலைகளில் 60 கிலோமீட்டர். இந்தத் தூரக் கணக்கில் ஓர் அரசியல் வசதி உண்டு: எந்த மாவட்டமும் தன்னை விட்டுவிட்டார்கள் என்று முறையிட முடியாது. ஆனால் சென்னையிலிருந்து மதுரைக்கு ஏறத்தாழ 460 கிலோமீட்டர். 25-க்கு ஒன்று என்றால் போக 18, வர 18. காரில் போகிறவர் அத்தனை இடத்தில் நிற்கமாட்டார். விக்கிரவாண்டிப் பக்கம் சாப்பிட நிற்பார், இல்லாவிட்டால் சேலம் சாலை பிரியும் உளுந்தூர்பேட்டையில், பிறகு திருச்சியில். அங்கே பத்து சார்ஜிங் கன் இருந்தால் பயணம் நடக்கும். யாரும் நிற்காத இடத்தில் இருக்கும் ஒரு கன், அறிக்கையில் எண்ணிக்கை காட்டத்தான் பயன்படும்.

நிற்கிற இடம் தெரிந்துவிட்டால் மட்டும் வேலை முடிவதில்லை. அந்த இடத்துக்கு மின்சாரம் எங்கிருந்து வரும் என்பதுதான் செலவையும் காலத்தையும் தீர்மானிக்கிறது. அமெரிக்க விதிப்படி ஒரு நிலையத்தில் 150 கிலோவாட் கன் நான்கு இருக்க வேண்டும். மொத்தம் 600 கிலோவாட். வீட்டுக்கு 5 கிலோவாட் என்று வைத்தால், 120 வீடுகள் கொண்ட ஒரு சிற்றூரின் இணைப்பைச் சாலையோரத்தில் புதிதாகக் கேட்பதற்குச் சமம். கிராமத்து வீடுகளுக்கும் பம்பு செட்டுகளுக்கும் போட்ட லைன் அந்தச் சுமையைத் தாங்காது. உயரழுத்த லைன் இழுக்க வேண்டும், ட்ரான்ஸ்ஃபார்மர் வைக்க வேண்டும். கிராமப்புறத்தில் புது இணைப்பை 15 நாளில் தர வேண்டும் என்று மத்திய விதி சொல்கிறது. லைனை நீட்டவோ துணைமின்நிலையம் அமைக்கவோ வேண்டியிருந்தால் 90 நாள். நெடுஞ்சாலை நிலையங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது வகையில்தான் வந்து விழும். பிரிட்டன் இதை முன்கூட்டியே புரிந்துகொண்டது. 2020-இல் 95 கோடி பவுண்டு நிதியை அறிவித்தபோது, அது சார்ஜருக்கு அல்ல, மோட்டார்வே ஓய்விடங்களுக்கு மின் இணைப்பு கொண்டுவருவதற்கு என்றே சொன்னது. யோசனை சரி, நிறைவேற்றம்தான் படுமோசம். இங்கிலாந்தின் ஒவ்வொரு ஓய்விடத்திலும் 2023 முடிவுக்குள் குறைந்தது ஆறு விரைவு சார்ஜர் என்ற இலக்கு தவறியது. நிதியும் சோதனைத் திட்டத்தைத் தாண்டவில்லை.

இந்தியா தொடக்கத்தில் எதிர்ப்பக்கமாக நடந்தது. மின் வண்டிகளுக்கான மத்திய அரசின் ஃபேம்-2 மானியத் திட்டத்தில் 2023 மார்ச்சில் மூன்று பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களுக்கு 800 கோடி ரூபாய் ஒப்புதலாயிற்று. 7,432 விரைவு சார்ஜிங் நிலையங்களுக்கு. வகுத்தால் ஒன்றுக்கு 10 லட்சத்து 76 ஆயிரம். இலக்கு எண்ணிக்கையாக இருக்கும்போது வேலையும் எண்ணிக்கையை நோக்கியே போகும். சார்ஜர் என்பதோ ஐந்தாறு ஆண்டுகளில் பழசாகிவிடும் பொருள். 2018 வழிகாட்டுதல் ஒவ்வொரு பொது நிலையத்திலும் சிசிஎஸ், சாடெமோ, டைப்-2, பாரத் ஏசி, பாரத் டிசி என்று ஐந்து வகைக் கன்னும் இருக்க வேண்டும் என்றது. அடுத்த ஆண்டே அதைத் தளர்த்த நேர்ந்தது. நம் கார்கள் சிசிஎஸ்-2 பக்கம் போய்விட்டன. 15 கிலோவாட் பாரத் டிசி இன்று நெடுஞ்சாலையில் எதற்கும் உதவாது. கன் மாறும், வேகம் மாறும், பேட்டரி பெரிதாகி நிற்கும் ஊரும் மாறலாம். உயரழுத்த லைனும் ட்ரான்ஸ்ஃபார்மரும் அப்படி அல்ல, எந்தக் கன் வந்தாலும் பல பத்தாண்டு உழைக்கும். மாறாத பகுதிக்குப் பொதுப்பணம், மாறும் பகுதிக்கு வியாபாரியின் பணம் என்று பிரிப்பதே நியாயம் என்பது என் வாதம்.

கார் வாங்க வசதியுள்ளவருக்கு எதற்கு வரிப்பணம் என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். சார்ஜருக்கு மானியம் தருவதைவிட லைனுக்குத் தருவதை நான் ஆதரிக்க இதுவும் ஒரு காரணம். அந்த லைன் மின்வாரியத்தின் சொத்தாக நின்றால் நாளை அதே இடத்தில் அரசுப் பேருந்தும் சரக்கு ஆட்டோவும் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். தேவை இருந்தால் தனியார் தாமே வருவார்கள் என்பது அடுத்த ஆட்சேபம். பாதி உண்மை. நார்வேயில் ஈனோவா என்ற அரசு நிறுவனம் 2015 முதல் முதன்மைச் சாலைகளில் 50 கிலோமீட்டருக்கு ஒன்றாக நிலையம் அமைக்க ஏலமுறையில் உதவியது. வண்டி பெருகிய இடங்களில் பிறகு நிறுவனங்கள் மானியமின்றியே கட்டின. வடக்கே ஆள் குறைந்த ஃபின்மார்க்குக்கோ யாரும் முன்வரவில்லை. தூரக் கணக்குக்கு அர்த்தம் இருப்பது அப்படிப்பட்ட இடங்களில்தான். அங்கே மிகக் குறைந்த மானியம் கேட்பவருக்குக் கொடுக்கலாம்.

தனியார் தயங்குவது ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு போதும். 60 கிலோவாட் சார்ஜர் நாள் முழுக்க ஓடினால் 1,440 யூனிட் விற்கலாம். புதிய சாலையில் நாளுக்கு மூன்று கார் வந்து ஆளுக்கு 25 யூனிட் ஏற்றினால் விற்பனை 75 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் மிச்சம் என்று வைத்தாலும் மாதம் 18,000. மின் இணைப்புக்குக் கிலோவாட்டுக்கு 300 ரூபாய் நிலைக்கட்டணம் போட்டால் அதுவும் சரியாக 18,000. வாடகை, பராமரிப்பு எல்லாம் கைக்காசு. அதனால்தான் மத்திய வழிகாட்டுதல் நிலைக்கட்டணம் இல்லாத ஒரே கட்டணம் என்கிறது. 2024-இல் அதைத் திருத்தியபோது, காலை 9 முதல் மாலை 4 வரை வழங்கல் செலவின் 0.7 மடங்கு, மற்ற நேரத்தில் 1.3 மடங்கு என்று பிரித்தது. சூரிய மின்சாரத்தைப் பகலில் தள்ளிவிட இது நல்ல வழி. ஆனால் விடியுமுன் கிளம்புவதும் இரவோடு இரவாகப் போவதும் நம் நெடுஞ்சாலைப் பழக்கம். வழிப்போக்கர் நேரம் பார்த்து வருவதில்லை என்பதை அமைச்சகம் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஃபேம்-2-க்குப் பின் வந்த பிஎம் இ-டிரைவ் திட்டத்தில் சார்ஜிங்குக்கான 2,000 கோடி ரூபாய்ப் பகுதி, 22,100 கார் சார்ஜர்களைக் குறிவைக்கிறது. அதன் 2025 விதிகள் பாதி தூரம் திரும்பியிருக்கின்றன. நெடுஞ்சாலையோர வணிக இடங்களுக்கு மின் இணைப்புச் செலவில் 80 சதவீதம் மட்டும், சார்ஜருக்கு ஒன்றுமில்லை. எண்ணெய் நிறுவனங்களின் பெட்ரோல் பங்க்குகளுக்கோ சார்ஜரிலும் 70 சதவீதம். இரண்டாவதை விட்டு, அந்தப் பணத்தைச் சார்ஜர் பழுதின்றி ஓடுவதற்குக் கொடுத்திருக்கலாம். அமெரிக்கத் திட்டத்தின் குறைகளை எவ்வளவும் சொல்லலாம். சட்டம் வந்து இரண்டாண்டு கழித்து 2023 டிசம்பரில்தான் ஒஹையோவில் முதல் நிலையம் திறந்தது. 2025-இல் புதிய நிர்வாகம் அதை நிறுத்திவைத்து, பிறகு 50 மைல் விதியையே தளர்த்தியது. ஆனால் அந்தத் திட்டம், ஒவ்வொரு கன்னும் ஆண்டில் 97 சதவீத நேரம் வேலை செய்ய வேண்டும் என்று எழுதிவைத்து, ஐந்தாண்டு வரை நடத்தும் செலவிலும் பங்கு தந்தது. திறப்புவிழாவோடு மானியம் முடியும் இடத்தில் சார்ஜர் பழுதானால் பதில் சொல்ல ஆளிருக்காது.

தீபாவளி, பொங்கல் நெரிசலைக் காட்டி, அப்போது எவ்வளவு வைத்தாலும் போதாதே என்பவர்கள் உண்டு. அந்த நாலு நாளுக்காகச் சார்ஜர் வாங்கிப்போட்டால் மிச்ச நாளெல்லாம் அது தூசி படிந்து நிற்கும். ட்ரான்ஸ்ஃபார்மரைப் பெரிதாக வைத்து, தரையடியில் குழாயைப் பதித்து, கன்களை வண்டி பெருகப் பெருகச் சேர்ப்பதற்கு அதிகச் செலவாகாது. எவ்வளவு பெரிதாக என்பது காரை மட்டும் பொறுத்ததல்ல. 100 கிலோமீட்டர் விதியில் நிற்கும் லாரிகளின் பசி வேறு அளவு. அடுத்த வாரம் அதற்கு வருவோம்.

(தொடரும்)